அழுகும் மரம், தண்ணீர் ஊற்றாதீர்

என் கையால் நட்டு ஒரு வருடம் முழுசாக உயிரோடு இருந்த செடி என்று எதுவும் கிடையாது. ரோஜா, செம்பருத்தி, ஓமவல்லி, ஒருமுறை கற்றாழை. கற்றாழையைச் சாகடிக்கத் தனித் திறமை வேண்டும் என்பாள் மனைவி. பாலைவனத்திலேயே பிழைத்து வந்த ஒரு குலம், பருத்திப்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் என் அன்பு தாங்காமல் முடிந்துபோயிற்று. இப்படிப்பட்ட கைராசிக்காரனுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஊசியிலை மரம் வளர்க்கும் ஆசை வந்தது. அதுவும் கிளையெல்லாம் தரையைப் பார்த்துத் தொங்குகிற வகை.

ஆசையைக் கிளப்பியது ஊட்டி. அலுவலகத்திலிருந்து குடும்பத்தோடு சுற்றுலா கூட்டிப்போனார்கள். பூங்காவில் எல்லோரும் பூக்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் ஒரு மூலையில் நின்ற மரத்தின் முன்னால் நின்றுவிட்டேன். தலைக்குக் குளித்துவிட்டுக் கூந்தலை முன்பக்கம் தள்ளிவிட்டு ஈரம் உலர்த்துகிற பெண் மாதிரி இருந்தது அது. காற்று வந்தால் மொத்தக் கூந்தலும் ஒருமுறை ஆடி நின்றது. பேருந்து ஹாரன் அடித்தது. மனைவி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு மட்டும் கால் நகரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் செல்போனில் அதைப் பற்றியே படித்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுவது என் பிழைப்பு. அளவு ஒரு மயிரிழை பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் புத்தியோடு ஒரு மரத்தைப் படித்தால் என்ன ஆகும்? ஊட்டி மரம் ஆவடி வெயிலுக்கு ஒரு சித்திரை தாங்காது என்று மேட்டுப்பாளையம் வருவதற்குள் தெரிந்துவிட்டது. அதே ஊசியிலைக் குடும்பத்தில் வெப்பம் தாங்குகிற, ஆனால் அதே போலத் தொங்குகிற தூரத்துச் சொந்தம் ஒன்று இருக்கிறது என்று ஈரோட்டில் தெரிந்தது. அதன் இலை ஊசியைவிடக் கொஞ்சம் தட்டை, அவ்வளவுதான். பெயர் போடோகார்ப்பஸ். சேலத்தில் மனைவியை எழுப்பிச் சொன்னேன்.

"தொங்கணும்னா முருங்கை வைங்க. காயும் சேர்ந்து தொங்கும்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் மண் என்று இருப்பது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரிக்கிற இடம். அதைக் கறிவேப்பிலைக்கு என்று அவள் எப்போதோ ஒதுக்கி வைத்திருந்தாள். ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. முடிவில் தீர்ப்பு வந்தது.

"பொங்கல் வரைக்கும் டைம். அது வரைக்கும் உயிரோட இருந்தா அந்த இடம் அதுக்கே. இல்லைன்னா கறிவேப்பிலை. அதுக்கப்புறம் நீங்க மண்ணையே தொடக்கூடாது. ஆயுசுக்கும்."

கைகொடுத்து ஒப்புக்கொண்டேன். ஜூன் மாதம். கத்திரி வெயில் முடிந்திருந்தது.

கரையான்சாவடி தாண்டிச் சாலையோரமாக நர்சரிகள் வரிசையாக உண்டு. முதல் நான்கிலும் கேட்டதைச் சொல்லி முடிப்பதற்குள் கிறிஸ்துமஸ் மரத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். ஐந்தாவதில், பச்சை வலைக்குக் கீழே மண் கலந்துகொண்டிருந்த உரிமையாளர் மட்டும் முழுசாகக் கேட்டார்.

"தொங்குறதுன்னா, கொடி மாரியா சார்?"

"கொடி இல்லைங்க. மரம்தான். ஆனா அழுவுற மாதிரி இருக்கும்."

அவர் கையை உதறிக்கொண்டு எழுந்து என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அழுவுற மரத்த துட்டு குடுத்து வாங்கப் போறியா அண்ணாத்தே? ஊட்ல ஏதாச்சும் பிரச்சினையா?"

"நீங்க செடிய காட்டுங்க, இவர அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் மனைவி.

வலைக்குப் பின்னால் கூட்டிப்போனார். இடுப்புயரத்தில் நின்றது. மெல்லிய கிளைகள், நுனியெல்லாம் கீழே. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பெண் பார்க்கப் போனபோதுகூட இப்படி அடிக்கவில்லை என்பதை அங்கேயே சொல்லித் தொலைத்தேன். மனைவி கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

"இத்தோட பேரு போடோகார்ப்பஸ். பேர சொன்னா, 'யாரப் பாத்து போடான்ற'ன்னு சண்டைக்கு வர்றானுங்க. அதனால நாங்க தொங்கட்டான் செடின்னுதான் சொல்றது. ஒண்ணு சொல்றேன், நல்லா கேட்டுக்கோ. இது தல தொங்கினுதான் இருக்கும். அது அத்தோட ஸ்டைலு. வாடிக்கீதுன்னு நெனச்சு தண்ணி ஊத்திகினே இருந்தே, வேரு அழுகிப் பூடும். வெரல உள்ள வுட்டுப் பாரு. காஞ்சிருந்தா ஊத்து. ஈரம் இருந்தா கம்முனு இரு."

கம்மென்று இருப்பது எனக்கு வராத கலை. இருந்தாலும் தலையாட்டினேன்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அவள் மடியில் செடியைப் பிடித்துக்கொண்டாள். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஏம்மா, செடிக்கு மயக்கம் வந்துடுச்சு பாரு. ஓரங்கட்டி ரெண்டு சொட்டு தண்ணி தெளி" என்றார். சிரித்துக்கொண்டே வந்தோம். அந்த அம்மாவின் வாக்கை நான் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

எங்கள் தெரு ஏரிக்குப் பக்கம். மண் களிமண். ஒருமுறை குடித்த தண்ணீரை வெளியே விடாது. அதனால் குழிக்கு முறையாக ஒரு வரைபடம் போட்டேன். குறுக்குவெட்டுத் தோற்றம், மேல்தோற்றம், அளவுகள் எல்லாம் உண்டு. அடியில் செங்கல் ஜல்லி, மேலே செம்மண்ணும் ஆற்றுமணலும், தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்துக்கு மேடு, சுற்றிலும் சரிவு.

"கோபுரம் எப்ப சார்?" என்று கேட்டாள் மனைவி, மண் சட்டியைக் கொடுத்துக்கொண்டே.

நட்டு முடித்ததும் ஒரு மூங்கில் கம்பை ஊன்றினேன். இந்த வகை மரத்துக்குத் தானாக மேலே போகத் தெரியாது. விட்டால் தரையிலேயே படர்ந்துவிடும். நடுத்தண்டை ஒரு கம்பில் கட்டிக்கட்டி உயர்த்த வேண்டும். எந்த உயரத்தில் கட்டுவதை நிறுத்துகிறோமோ, அங்கிருந்து தொங்க ஆரம்பிக்கும். பழைய வேட்டியைக் கிழித்து, தண்டை நெரிக்காமல் எட்டு வடிவத்தில் கட்டினேன். அன்று மட்டும் வாசலுக்குப் பதினாறு முறை போய்வந்தேன். எண்ணியது நானில்லை.

இரண்டு மாதம் எனக்குக் கால் தரையில் இல்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன் விரல் மண்ணுக்குள். ஞாயிறுதோறும் இரும்பு ஸ்கேலை வைத்து அளவு. ஒரு விரல்கடை வளர்ந்திருந்த வாரத்தில், அலுவலகத்தில் எல்லோருக்கும் மசால்வடை வாங்கிக் கொடுத்தேன். பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது என்று நினைத்துப் பலர் கைகுலுக்கினார்கள். எனக்குப் பெண்ணே கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில் அடிக்கிளைகள் மஞ்சளடித்தன. பிறகு ஒரு மாதிரி சாம்பல் பூத்தது. விரலை விட்டேன். சொதசொதவென்று ஈரம். நான் தண்ணீர் ஊற்றி ஒன்பது நாள் ஆகியிருந்தது. மழையும் இல்லை.

ஏரி ஊறுகிறதா? தெருக் குழாய் கசிகிறதா? ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குழாயைத் தோண்டிப் பார்த்து, ஒழுங்காக இருந்த குழாயைக் கசிய வைத்து, பிளம்பரைக் கூப்பிட்டு, அவரிடமும் திட்டு வாங்கினேன். இலைகள் உதிரத் தொடங்கின. பொங்கல் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆயுத பூஜைகூட தாண்டாது போலிருந்தது. கடைசியில் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, விடியற்காலையில் ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்கு எதிர்வீட்டு அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிக்காரர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை விட்டு எங்கள் எதிரில் வீடு கட்டியவர். ஏரிக்கரையில் நடந்துவிட்டுத் திரும்புகிறவர், கேட் கம்பிக்குள் கையை விட்டு, பாட்டிலில் மிச்சம் இருந்ததை அடிமரத்தில் சாய்த்தார். "குடி, நல்லாக் குடி" என்று செடியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறரைக்குப் பூக்காரம்மா. கூடைக்குத் தெளிக்கிற சொம்பில் பாதி பூவுக்கு, பாதி என் மரத்துக்கு. "இன்னாடி இப்டி மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற" என்று விசாரிக்கவும் செய்தார்.

ஏழு மணிக்கு, கையில் குண்டானோடு, என் மனைவி.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். "என்ன பண்ற நீ?"

"அரிசி களைஞ்ச தண்ணி. சத்து."

"அன்னிக்கு நர்சரில நீயும்தானே நின்ன? அவர் சொன்னத கேட்டதானே?"

"கேட்டேன். இப்ப என்ன அதுக்கு? தெனமும் கதவத் திறந்தா இப்படித் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. மனசு கேக்க வேண்டாமா? ஒரு குண்டான்தானே."

எனக்கு வாயில் சனி. "சாகட்டும்னு ஊத்துறியா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் குண்டானைப் படியில் வைத்தாள். "கறிவேப்பிலைக்காக இதக் கொல்லுவேன்னு நினைக்கிறீங்க. உங்களுக்கு ஒண்ணாவது பிழைக்கட்டும்னுதான் ஊத்தினேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று மத்தியானம் சாப்பாடு இருந்தது. பேச்சு இல்லை.

வாசலில் உட்கார்ந்து யோசித்தேன். யாரைக் குறை சொல்ல? இந்தத் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள்தான் எல்லோரும். தொங்கும் இலையைக் கண்டுவிட்டு, கையில் தண்ணீரை வைத்துக்கொண்டு கடந்து போக அவர்களால் முடியாது. ஊரில் ஒருவன்கூடக் கெட்டவன் இல்லாத காரணத்தால் என் மரம் செத்துக்கொண்டிருந்தது.

ஆளாளுக்குப் போய்ச் சொல்வதைவிட ஒரு பலகை போதும் என்று தோன்றியது. தகரம் வெட்டி, வெள்ளை அடித்து, என் தொழில் எழுத்தில், கோடு போட்டு, அளவெடுத்து, கறுப்பு பெயிண்டில் எழுதினேன். "இது அழுகும் மரம். தண்ணீர் ஊற்றாதீர்." 'ஊற்றாதீர்' என்ற சொல்லின் மிடுக்கில் எனக்கு ஏகப் பெருமை. தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, பலமுறை பார்த்தேன்.

என்ன பலன்! மறுநாளே தண்ணீர் நின்றது. ஒரு வாரத்தில் விரலில் ஈரம் ஒட்டவில்லை. ஆனால் தெருவின் போக்கு கொஞ்சம் மாறியது. பூக்காரம்மா எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தார். அண்ணாச்சி ஒருநாள் நின்று, தாழ்ந்த குரலில், "மருந்து ஏதும் அடிச்சுப் பாத்தீரா வே?" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி? இது இப்படித்தான்."

"இப்படித்தானா" என்று பெருமூச்சு விட்டார். "மனசத் தேத்திக்கிடும். வேற என்ன செய்ய."

நல்ல மனுஷன், கொஞ்சம் அதிகமாக உருகுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் முதல் வாரம். மழைக்கு முன்னால் மின்கம்பியில் உரசும் கிளைகளை வெட்டிக்கொண்டு போக ஒரு சின்ன லாரியில் ஆட்கள் வந்தார்கள். நான் முகத்தில் சோப்பு போட்டு ஒரு கன்னம் மழித்திருந்தேன். வாசலில் பேச்சுக் குரல்.

"மாமே, இங்க ஒண்ணு கீது. அழுகிப்போன மரமாம். போர்டே வெச்சுகீறாங்க."

"எங்கடா மரம்? இதுவா? இத்துக்கு இன்னாத்துக்கு ரம்பம். கையாலயே புடுங்கிடலாம்."

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பனியனும் நுரையுமாக மரத்துக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தேன். "தொடாதீங்க! தொடாதீங்க!"

வந்தவர்களில் பெரியவர் பின்வாங்கினார். "இன்னா சார், நீதான எழுதி வெச்சுகீற, அழுகுதுன்னு?"

"அழுகலைங்க. அது அழுவுது!"

"அத்தத்தான் நானும் சொல்றேன். அழுகுது."

"ஐயோ, அழுகுறது இல்லைங்க. அழுவுறது! கண்ணுல தண்ணி வருமே, அது!"

"மரத்துக்கா?"

"ஆமா!"

"செரி. அழுவுதுன்னா ஏன் தண்ணி ஊத்தக் கூடாது?"

"ஊத்துனா அழுகிடும்!"

அவர் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார். "அழுவுறது அழுகிடுமாம்" என்று அவருக்கு விளக்கினார். பிறகு என்னிடம் அன்பாக, "சார், நீ மொதல்ல போய் மூஞ்ச கழுவு" என்றார்.

சத்தம் கேட்டுத் தெருவைத் தாண்டி ஓடிவந்த அண்ணாச்சி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப இதுக்கு நோய் ஒண்ணும் இல்லையா வே? நாளைக்குச் செத்துரும், நாளன்னைக்குச் செத்துரும்னு நான் இந்தப் பக்கமே பாக்காமல்லா போயிட்டு இருக்கேன்!"

அப்போதுதான் பலகையைப் படித்தேன். அத்தனை நாள் பார்த்தேனே தவிரப் படிக்கவில்லை. அழும் மரம் என்று எழுத வேண்டிய இடத்தில், வேலி மேல் ஏறி நிற்கிற ஆடு மாதிரி, நடுவே ஒரு 'கு'. அழுகிற பிள்ளை, அழுகிற பழம் என்று வாயில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியே பழகிய நாக்கு, கையையும் கெடுத்துவிட்டது. வீடு நிறையத் தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கிறவன், என் மரத்தை நானே பிணமாக அறிவித்து, அதற்கு 'ஊற்றாதீர்' என்று மிடுக்கும் சேர்த்திருந்தேன்.

மனைவி படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பலகை வந்த நாளிலேயே கவனித்திருக்கிறாள்.

"சொல்லக் கூடாதா?"

"நான் உங்ககூட பேசாம இருந்தேன்ல. அப்புறம் சமாதானம் ஆனதும் சொல்லலாம்னு பாத்தா, தண்ணி ஊத்துறது நின்னுபோச்சு. தப்பு நல்லா வேலை செய்யுது, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

புதுப் பலகைக்கு மந்திராலோசனை நடந்தது. நான் 'தொங்கும் மரம்' என்றேன். "அதைப் படிச்சா போலீஸ்லா வரும்" என்றார் அண்ணாச்சி. கடைசியில் அவள் தூரிகையை என் கையிலிருந்து பிடுங்கித் தானே எழுதினாள்: "இதற்குத் தாகம் இல்லை." எழுத்து கோணல்மாணல். கோடு போடவில்லை. ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

மனிதர்கள் நிறுத்திய பிறகு வானம் ஊற்றியது. நவம்பரில் விடாமல் மூன்று நாள். ஏரி நிறைந்து, தெருத் தண்ணீர் கேட்டுக்குள் வந்துவிட்டது. என் இரண்டு சாண் மேட்டில் ஒரு சாண் மூழ்கிப்போனது. குடை, மண்வெட்டி, பெயிண்ட் பக்கெட்டோடு நான் இறங்கினேன். மனைவி அரிசிச் சாக்கில் மணலைக் கொட்டிச் சுற்றி அடுக்கினாள். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரை அளைந்தபடி வந்தார்.

"ரெண்டு மாசம் நான் ஊத்துனதுக்குக் கணக்குத் தீக்கணும்லா" என்று பக்கெட்டை வாங்கி இறைக்க ஆரம்பித்தார். மரத்தைச் சுற்றி மூன்று பேரும் சளசளவென்று இறைத்தோம். இறைத்தது போலவே திரும்பி வந்தது. மறுபடி இறைத்தோம். எனக்கு ஆனந்தமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மூன்றாம் நாள் மத்தியானம் மேட்டின் சரிவு முழுசாக வெளியே தெரிந்ததும், அண்ணாச்சி பக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கி, "ஏ, தெரியுதுவே, தெரியுது!" என்று கத்தினார்.

டிசம்பரில் அடிக்கிளைகள் மொட்டையாகின. உச்சியில் மட்டும் இலை. தண்டில் நகத்தால் ஒரு புள்ளி அளவுக்குக் கீறினேன். உள்ளே பச்சை. தினமும் கீறிப் பார்க்கத் தோன்றியது. அவள் என் நகத்தை வெட்டிவிட்டாள்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போனவன் அப்படியே குந்திவிட்டேன். கிளை நுனிகளில், மொட்டையாகிப்போன கிளைகளிலும்கூட, இளம்பச்சையில் நூல் நூலாகத் துளிர். வந்தவுடனேயே தலையைக் கீழே போட்டுக்கொண்ட துளிர். நான் போட்ட கூச்சலில் அவள் பாம்பு என்று நினைத்துத் துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

"ஏழு! ஏழு துளிர்!" என்றேன். குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, என் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு கிளையாக விரலால் விலக்கிப் பார்த்தாள். நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பதினொண்ணு. கீழ குனிஞ்சு பாக்க மாட்டீங்களா?"

அண்ணாந்து பார்த்தாள். நடுத்தண்டின் நுனி மூங்கில் கம்பைத் தாண்டி ஒரு சாண் போய், எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

"கம்பு முடிஞ்சுபோச்சே. இங்கேயே விட்டா இங்கேருந்து தொங்கிடும் இல்ல?"

"தொங்கிடும். இன்னும் ஒசரம் வேணும்னா வேற கம்பு வெச்சுக் கட்டணும்" என்றேன். கறிவேப்பிலையைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் கேட்டையும் சுவரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று, கையைத் தன் தலைக்கு மேலே நீட்டி ஓர் உயரம் காட்டினாள்.

"இது வரைக்கும் போகட்டும். எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு வருஷம். மூணும் ஆகலாம்."

"ஆகட்டும். போய் நீளமா ஒரு கம்பு வாங்கிட்டு வாங்க. நேரா இருக்கறதாப் பாத்து வாங்குங்க."

வண்டிச் சாவியை எடுக்க உள்ளே ஓடினேன்.